எலும்புப் பூச்சு வேறு, முலாம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செயற்கை இடுப்பு மூட்டுகளுக்கும், பல் கட்டுவதற்காகத் தாடை எலும்பில் பொருத்தும் திருகுகளுக்கும் மின்சாரத்தின் துணையால் கால்சியம் பாஸ்பேட் பூசும் முறையைப் பற்றித் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இத்தகைய பொருளைத் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப்பக்கம் ஒதுக்கி வெளியிட்டதே என்ற மகிழ்ச்சி முதல் வாசிப்பில் இருந்தது. இரண்டாம் வாசிப்பில் கவலை வந்துவிட்டது. கட்டுரையாளர் இந்த முறையைச் சைக்கிள் கைப்பிடிக்கு நிக்கல் முலாம் பூசுவதோடு ஒப்பிட்டு, ஆகவே வேலூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் உள்ள முலாம் பட்டறைகள் ஒரு தொட்டியையும் நேர்மின்னோட்டம் தரும் ஒரு ரெக்டிஃபையரையும் கூடுதலாக வைத்துக்கொண்டு இத்தொழிலில் இறங்கிவிடலாம் என்று முடித்திருக்கிறார். ஒப்புமை தவறானது, அதிலிருந்து அவர் பெற்ற முடிவோ அதைவிடத் தவறானது. பாலிடெக்னிக்கில் வேதியியல் கற்பிக்க வருவதற்கு முன் பதினோரு ஆண்டுகள் முலாம் பட்டறையில் கரைசல் பார்க்கும் வேலையில் இருந்தவன், இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலப்பக்க இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டவன் என்ற இரு தகுதிகளில் இதை எழுதுகிறேன்.

நிக்கல் முலாமில் கரைசலில் உள்ள நிக்கல் அயனி எதிர்மின்வாயில் தொங்கும் பொருளிடமிருந்து எலக்ட்ரானைப் பெற்று, உலோகமாக மாறி, அந்த இடத்திலேயே படிகிறது. மின்சாரமே நிக்கலைப் படியவைக்கிறது என்பதால், எத்தனை ஆம்பியர் எத்தனை நிமிடம் ஓடியது என்று தெரிந்தால் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) படிந்திருக்கும் என்பதை ஃபாரடேயின் விதியைக் கொண்டு பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடலாம். முலாம் மேஸ்திரிகள் இந்தக் கணக்கைப் படிக்காமலேயே மனத்தில் போட்டுவிடுவார்கள். கால்சியம் பாஸ்பேட்டில் நடப்பது வேறு. கால்சியம் அயனி எதிர்மின்வாய்க்கு வந்தாலும் நீருள்ள கரைசலில் அது உலோகமாக மாறுவதில்லை. மின்சாரம் அங்கே சிதைப்பது தண்ணீரை. கரைசலில் நைட்ரேட் இருந்தால் அதையும் ஓரளவு சிதைக்கிறது. அதன் விளைவாக ஹைட்ரஜன் குமிழ்கள் எழுகின்றன; ஹைட்ராக்சில் அயனிகள் பெருகி, உலோகத்தை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் மட்டும் காரத்தன்மை அடைகிறது. தொட்டியில் உள்ள கரைசல் லேசான அமிலத்தன்மையோடு, கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்தபடியே இருக்க, உலோகத்தின் மேற்பரப்பில் மட்டும் அவை கரைந்திருக்க முடியாத நிலை ஏற்படுகிறது. அப்போது அவை தாமாகவே படிகமாகி உலோகத்தின் மேல் உட்காருகின்றன.

எங்கள் ஊர்ப் போர் தண்ணீரில் வாட்டர் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமாக இராது. ஹீட்டர் காயிலின் மேல் வெள்ளையாக உப்பு ஏறுகிறதே, அந்த உப்பைக் காயிலுக்கு யாரும் முலாமாகப் பூசவில்லை. சூடான இடத்தில் நீரில் இருந்த பைகார்பனேட் சிதைந்து, கரைந்திருந்த சுண்ணாம்பு கரைய முடியாமல் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. அங்கே வெப்பம் செய்யும் வேலையை இங்கே காரம் செய்கிறது. அந்தக் காரத்தை உண்டாக்குவதோடு மின்சாரத்தின் பங்கு முடிந்துவிடுகிறது. துருப்பிடிக்காமல் காக்க மின்சாரம் செலுத்தப்படும் கப்பல்களின் அடிப்புறத்தில் கடல்நீரிலிருந்து வெள்ளைப் பொருக்கு படிவதும் இதே காரணத்தால்தான்.

இவ்வளவு நீட்டி விளக்கியதற்குக் காரணம் உண்டு. என் மாணவர்கள் சிலர் பாலிடெக்னிக் இறுதியாண்டுத் திட்டமாக ஒரு டைட்டானியம் பட்டையில் இந்தப் பூச்சைப் போட்டுப் பார்த்தார்கள். கால்சியம் நைட்ரேட்டையும் அமோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டையும் கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் 1.67 என்ற விகிதம் வருமாறு கரைத்து, முலாம் போடும் வழக்கப்படி ஆம்பியரைத் தாராளமாக ஏற்றிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் பட்டை சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்துவிட்டது. கையில் ஏந்தி வந்து காட்டியபோது அவர்கள் முகத்தில் இருந்த பெருமிதம் இன்னும் நினைவில் இருக்கிறது. செல்லோ டேப்பை எடுத்து ஒட்டி உரித்தேன். பூச்சு முழுவதும் டேப்போடு வந்துவிட்டது. பட்டை பளபளவென்று புதிதுபோல் இருந்தது. ஆம்பியர் கூடக்கூட ஹைட்ரஜன் குமிழ்களும் கூடுகின்றன, குமிழ் இருக்கும் இடத்தில் படிகம் உலோகத்தைத் தொடுவதில்லை, காரமும் மேற்பரப்பைத் தாண்டிப் பரவிக் கரைசலுக்குள்ளேயே தூளாகப் படிந்து மேலே பொதியாக உட்காருகிறது என்பதையெல்லாம் அதன்பின் அவர்கள் தாமாகவே கண்டுபிடித்தார்கள். மின்னோட்டத்தைச் சதுர சென்டிமீட்டருக்குச் சில மில்லி ஆம்பியராகக் குறைத்து, கரைசலைச் சுமார் 80 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, குமிழ்களைக் கட்டுப்படுத்தச் சிறிது ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து, பட்டையைக் காரக் கரைசலில் முன்கூட்டியே பதப்படுத்திய பிறகு வந்த பூச்சு சாம்பல் நிறத்தில், கண்ணுக்கே சரியாகத் தெரியாத மெல்லிய படலமாக இருந்தது. டேப்புக்கு அது அசையவில்லை. முலாம் பட்டறையில் பளபளப்பைப் பார்த்துத் தரம் சொல்லிப் பழகிய எனக்கு, இங்கே கண்ணை நம்பக் கூடாது என்பதை அந்தப் பட்டைதான் சொல்லிக் கொடுத்தது. கட்டுரையில் அச்சான படத்தில் பூச்சு மாவுபோல வெள்ளை வெளேரென்று இருப்பதைக் கண்டபோது எனக்கு உடனே டேப்தான் நினைவுக்கு வந்தது.

படிந்தது எந்தச் சேர்மம் என்பதும் கண்ணுக்குத் தெரியாது. கட்டுரையாளர் கால்சியம் பாஸ்பேட் என்று ஒரே பெயரில் சொல்வது உண்மையில் ஒரு குடும்பம். நம் எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காக இருக்கும் தாதுவுக்கு நெருங்கிய உறவு ஹைட்ராக்சி அபடைட். அதில் கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம் 1.67. அறை வெப்பநிலையில், காரம் போதுமான அளவு ஏறாத நிலையில் படிவது பெரும்பாலும் புருஷைட் என்னும் வேறொரு சேர்மம். அதில் விகிதம் 1. புருஷைட் உடல் திரவத்தில் விரைவாகக் கரையக்கூடியது. ஹைட்ராக்சி அபடைட் மெதுவாகக் கரைவது. புருஷைட்டைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து ஹைட்ராக்சி அபடைட்டாக மாற்றலாம், அது நெடுநாளாக நடைமுறையில் உள்ள வழிதான். ஆனால் மாறியதா, பாதிதான் மாறியதா என்பதை, படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக் கருவியில் வைத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் வெள்ளைதான்.

இந்த முறைக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஐரோப்பாவில் இடுப்பு மூட்டின் தண்டுகளுக்கு (தொடை எலும்புக்குள் இறங்கி நிற்கும் பகுதிக்கு) ஹைட்ராக்சி அபடைட் பூசி வருகிறார்கள். அதற்கு வழக்கமான முறை பிளாஸ்மா தெளிப்பு. 10,000 டிகிரிக்கு மேற்பட்ட பிளாஸ்மாச் சுடரில் தூளைச் செலுத்தி உலோகத்தின் மேல் அடிக்கும் அந்த முறையில் தூளின் ஒரு பகுதி வெப்பத்தால் சிதைந்து வேறு சேர்மங்களாகிவிடுகிறது. தெளிப்பான் நேராகப் பார்க்கும் பக்கத்தில்தான் பூச்சு விழும், நுண்துளைகளின் உட்புறத்தை அது எட்டாது. தடிமனும் பொதுவாக 50 மைக்ரானுக்குக் குறைவதில்லை. கரைசலோ நுண்துளைக்குள்ளும் நுழையும், கொதிநிலைக்குக் கீழேயே வேலை முடிந்துவிடும், சில மைக்ரான் தடிமனுக்கும் பூசலாம், ஸ்ட்ரான்சியம், மக்னீசியம், வெள்ளி போன்றவற்றின் அயனிகளையும் கூடவே சேர்த்துப் படியவைக்கலாம். 1990களின் தொடக்கத்தில் கனடாவில் ஷிர்கான்சாதே போன்றவர்கள் இதைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து மூன்று பத்தாண்டுகளுக்கு மேலாக ஆய்வு நடந்து, ஐரோப்பிய நிறுவனங்கள் சில இவ்வகைப் பூச்சைச் சந்தைக்கும் கொண்டுவந்துவிட்டன. ஆக, முறையில் குறையில்லை. ஆனால் பூச்சு இல்லாவிட்டால் எலும்பு பிடிக்காது என்பதுபோலக் கட்டுரையில் ஒரு வரி வருகிறது, அது சரியன்று. சுவீடனைச் சேர்ந்த பிரோனமார்க் 1952-இல் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியாமல் போனபோது கண்டது, பூச்சே இல்லாத டைட்டானியத்தோடு எலும்பு இறுகிவிடும் என்பதைத்தான். 1965-இல் அவர் முதல் நோயாளியின் தாடையில் பொருத்திய செயற்கைப் பல் வேர்களும் பூச்சற்றவையே. பூச்சு அந்தப் பிடிப்பைத் தொடக்க வாரங்களில் விரைவுபடுத்துகிறது. வெறும் உலோகமே ஒருவாறு வேலை செய்யும் இடத்தில் மோசமான பூச்சைப் போடுவது, பூசாமல் விடுவதைவிடக் கெடுதலானது. உரிந்த துகள் மூட்டின் தேயும் பரப்புகளுக்கிடையே போய்ச் சேர்ந்தால் அது மணலாகவே வேலை செய்யும்.

இனி, நம் பகுதிப் பட்டறைகளைப் பற்றி. நான் அவற்றில் வளர்ந்தவன், அங்குள்ளவர்களின் கைத்திறனைக் குறைத்துப் பேச என்னால் முடியாது. விளிம்புகளில் பூச்சு தடித்து, குழிகளில் மெலியும் என்பதையும், அதைச் சமாளிக்க ஆனோடை, அதாவது நேர்மின்வாயை, எப்படி வைக்க வேண்டும் என்பதையும் எந்த ஆராய்ச்சி மாணவரைவிடவும் அவர்கள் நன்றாக அறிவார்கள். ஆனால் குரோம் தொட்டியும் காட்மியம் தொட்டியும் இருக்கும் கொட்டகைக்குள் எலும்புக்குப் போகும் பொருளைத் தொங்கவிடக் கூடாது. குரோம் தொட்டியிலிருந்து எழும் புகைப்படலத்தில் நச்சான ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. அது நிலத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இராணிப்பேட்டையில் குவிந்து கிடக்கும் குரோமியக் கழிவுக்கு அருகில் வாழ்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உடலில் வைக்கும் ஹைட்ராக்சி அபடைட்டில் காட்மியம் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமையும், ஆர்செனிக் 3 மில்லிகிராமையும், ஈயம் 30 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தர அளவுகோல்கள் வரம்பு வைத்திருக்கின்றன. போல்ட்டுக்குக் காட்மியம் போட்ட அதே கொக்கியில் எலும்புத் திருகை மாட்டினால் அந்த வரம்பு என்னவாகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தண்ணீரும் அப்படித்தான். நிக்கல் கரைசலுக்குப் போர் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமாளித்த பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். இங்கே அயனி நீக்கிய நீரைத் தவிர வேறு எதுவும் உதவாது. நம் நிலத்தடி நீரில் உள்ள மக்னீசியம், அளவறிந்து சேர்ப்பதைப் போலன்றி, ஹைட்ராக்சி அபடைட் படிகமாவதையே தடுக்கும். குளோரைடு துருப்பிடிக்காத எஃகில் ஊசித்துளை போடும். நாம் வீட்டில் எவர்சில்வர் என்று அழைக்கும் வகையைச் சேர்ந்த எஃகிலிருந்துதான் எலும்புத் தகடுகளும் ஆணிகளும் நம் நாட்டில் பெருமளவில் செய்யப்படுகின்றன என்பதால் இது சிறிய விஷயமன்று. டைட்டானியத்துக்கு வேறொரு ஆபத்து: எதிர்மின்வாயில் எழும் ஹைட்ரஜனை அது உறிஞ்சிக்கொண்டு நொறுங்கும் தன்மை அடையலாம். ஆம்பியரைக் கூட்டி நேரத்தைக் குறைத்தால் பூச்சு மட்டுமல்லாமல் அடியில் உள்ள உலோகமும் கெடுகிறது.

தொட்டிக்கும் ரெக்டிஃபையருக்கும் ஆகும் செலவைக் கட்டுரையாளர் கணக்கிட்டிருக்கிறார், சோதனைக்கு ஆகும் செலவை விட்டுவிட்டார். என் கருத்தில் இந்தத் தொழிலே சோதனைதான். பூசுவது அதில் ஒரு சிறு பகுதி. எடுத்துக்காட்டாக, ஒட்டும் வலிமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ராக்சி அபடைட் பூச்சுக்கான சர்வதேச அளவுகோல் அது குறைந்தது 15 மெகாபாஸ்கலாவது இருக்க வேண்டும் என்கிறது. ஓர் அங்குல விட்டமுள்ள வட்டத்தில் பூசி, அதன்மேல் வலிய பசையால் இன்னொரு வட்டை ஒட்டி இழுத்தால், ஏறத்தாழ 775 கிலோ எடைக்குச் சமமான விசை வரை பூச்சு பிரியாமல் தாங்க வேண்டும். இதிலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. மின்வேதியியல் பூச்சு மெல்லியது, நுண்துளைகள் மிகுந்தது; பசை அந்தத் துளைகள் வழியாக ஊறி அடியில் உள்ள உலோகத்தையே பிடித்துக்கொண்டுவிட்டால், கருவி காட்டுவது பசையின் வலிமையை, பூச்சின் வலிமையை அன்று. எண்ணைப் பார்த்துத் தேறிவிட்டது என்று எழுதுபவர் பிரிந்த பரப்பை நுண்ணோக்கியில் பார்க்கவில்லை என்றால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை. அதன்பின் படிகத்தன்மை, கரையும் வேகம், கிருமி நீக்கத்துக்குப் பிறகும் பூச்சு மாறாமல் இருக்கிறதா என்பது, ஜப்பானிய ஆய்வாளர் கோகுபோ வகுத்த செயற்கை உடல் திரவத்தில் 36.5 டிகிரியில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பார்ப்பது, அதற்கும் பின்னரே உயிரணுக்கள், விலங்குகள். சட்டமும் இதற்கேற்பவே அமைந்திருக்கிறது: 2017-ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளின்படி இடுப்பு மூட்டு போன்றவை ஆபத்து அதிகமான சி வகுப்பில் வருகின்றன, அவற்றைச் செய்வதற்கான உரிமத்தை மத்திய அமைப்பே வழங்குகிறது, தரத்தைப் பாதிக்கக்கூடிய வகையில் செய்முறையை மாற்றினாலும் முன்அனுமதி பெற வேண்டும். ஏற்கெனவே உரிமம் பெற்ற ஒருவர் தம் தண்டுகளைக் கொண்டுவந்து பட்டறையில் கொடுத்துப் பூசி வாங்கிச் செல்லும் தொழிலாக, அந்த முன்அனுமதி இல்லாமல் இது நடக்க முடியாது.

அப்படியானால் நம் மாவட்டத்துக்கு இதில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது என்றே நினைக்கிறேன். அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946-இல் வேலூருக்கு வந்து தொழுநோயால் மடங்கிய கைகளைச் சீரமைத்த கதை எல்லோரும் அறிந்தது. உணர்ச்சியற்ற பாதங்களில் புண் வராமலிருக்க, நுண்ணறை ரப்பர் செருப்புகளை வேலூர், கரிகிரிப் பகுதியில் மருத்துவரும் செருப்புத் தைப்பவரும் சேர்ந்து உருவாக்கியதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. நோயாளியின் பாதத்தை மருத்துவர் திரும்பத் திரும்பப் பார்த்து, புண் எங்கே வந்தது என்று சொல்ல, செருப்பு திருத்தப்பட்டது. சோதனையும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் அது நடந்தது. இன்று இங்கே அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள், காட்பாடியில் பல்கலைக்கழகம் இருக்கிறது, பட்டறைகளில் கைகள் இருக்கின்றன. முலாம் பற்றிய அறிவு வேண்டுமென்றால் 1953 முதல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து அதை நம் மாநிலத்துக்குக் கொண்டுவந்தார். அவர் கொடுத்தது ஒரு தொட்டிக்கு அன்று, ஆய்வுக்கூடத்துக்கு. மாவட்டத் தொழில் மையம் இந்தத் துறைக்கு ஏதேனும் மானியம் தருவதாக இருந்தால், அதைப் பத்துப் பட்டறைகளுக்குப் பத்துத் தொட்டிகளாகப் பிரித்துக் கொடுக்காமல், எல்லோரும் கட்டணம் கட்டிப் பயன்படுத்தக்கூடிய ஒரே சோதனைக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதில் இழுவைக் கருவி, எக்ஸ்-கதிர்க் கருவி, கன உலோகங்களை அளக்கும் கருவி ஆகிய மூன்றும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். பூசும் வேலையைக் கற்றுக்கொள்ள விரும்பும் பட்டறைக்காரர் முதல் ஓராண்டு மனிதருக்கென்று எதையும் பூசாமல், பட்டைகளைப் பூசி அந்தக் கூடத்தில் உடைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

உள்ளூரில் பூசினால் மூட்டுகளின் விலை பெரிதும் குறையும் என்ற கட்டுரையின் நம்பிக்கையை நான் பகிர்ந்துகொள்ளவில்லை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவிலை வைத்தபோதுதான் கோபால்ட்-குரோமிய முழங்கால் மூட்டு 54,720 ரூபாய்க்கு இறங்கியது. அதற்கு முன் இருந்த விலைக்கும் பூச்சுக்கு ஆகும் இரசாயனச் செலவுக்கும் தொடர்பே இல்லை.

கடைசியாக ஒன்று. மூட்டு மாற்றிய பின் எனக்குக் கொடுத்த கோப்பில், தண்டு சிமெண்ட் இல்லாமல் பொருத்தப்பட்டது என்று எழுதியிருந்தது. பூசியதா, பூசாததா, பூசியிருந்தால் எந்த முறையில் என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் பொறுமையானவர், உடனே சொல்லத் தெரியவில்லை, ஒட்டுச்சீட்டைப் பாருங்கள் என்றார். அறுவைச் சிகிச்சைக் குறிப்பின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த அந்தச் சீட்டில் அளவும் வரிசை எண்ணும் தொகுதி எண்ணும் இருந்தன. பூச்சைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பூச்சு உரிந்ததென்று ஐந்தாண்டு கழித்து ஒரு மருத்துவர் கண்டறிந்தால், அதே தொகுதியில் பூசப்பட்ட தண்டுகள் யார் யார் உடலில் இருக்கின்றன என்று தேடிப் பிடிக்க அந்தத் தொகுதி எண் மட்டுமே வழி. ஆகவே மூட்டு மாற்றிக்கொண்ட வாசகர்கள் அந்தச் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுமாறும், இனி மாற்றிக்கொள்ளப் போகிறவர்கள் பூச்சின் பெயரையும் முறையையும் தமிழில் எழுதித் தருமாறு கேட்டு வாங்குமாறும் தங்கள் நாளிதழ் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வேதியியல் விரிவுரையாளர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.